ஆறாத புண்ணுக்கு ஆக்சிஜன் அறை: போகுமுன் பார்க்க வேண்டியவை

அழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பதே இந்தச் சிகிச்சை. முதலில் புண் உள்ள இடத்தின் ரத்த ஓட்டத்தைச் சோதியுங்கள். தமனி அடைத்திருந்தால் அதைத் திறக்காமல் ஆக்சிஜன் கொடுத்துப் பெரிய பயன் இல்லை. புண்ணருகே தோலில் ஒட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் உணர்கருவி 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே காட்டினால் அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை. அறைக்குள் அதே இடத்தில் 200-ஐத் தாண்டினால் ஆற வாய்ப்பு அதிகம்.

வழக்கமாக அறைக்குள் அழுத்தம் 2 முதல் 2.5 வளிமண்டலம், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல அத்தனை மடங்கு. ஒரு அமர்வு சுமார் 90 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 20 முதல் 40 அமர்வுகள். இடையிடையே சில நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க வைப்பார்கள். வலிப்பு வரும் ஆபத்தை அது குறைக்கும்.

அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், அல்லது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். வலித்தால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டால் செவிப்பறை கிழியலாம். சளி பிடித்த நாளில் தள்ளிப்போடுவதே நல்லது.

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது; உள்ளே சர்க்கரை இறங்கும். முன்னும் பின்னும் அளவு பார்க்க வேண்டும்.

தீதான் பெரிய பயம். பருத்தி உடை மட்டும் அணியுங்கள். செல்போன், லைட்டர், தலை எண்ணெய், வாசலைன் தடவிய கட்டு எதுவும் உள்ளே போகக் கூடாது.

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருந்தால், அதைச் சரிசெய்யும்வரை இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. அழுகிய திசுவை அகற்றுவது, பாதத்தில் புண் இருந்தால் அதன்மேல் எடை விழாமல் காப்பது எல்லாம் கூடவே தொடர வேண்டும்.