ஐபோன் படத்தைத் தளம் ஏற்கவில்லையா?

போன கிழமை மகளின் விண்ணப்பத்துக்கு அடையாள அட்டைப் படம் ஏற்றப்போனால், ‘ஜேபிஜி மட்டும்’ என்று தளம் அடம்பிடித்தது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 இயங்குதளம் முதல் ஐபோன் எச்.ஈ.ஐ.சி என்ற வேறொரு வடிவில் படம் சேமிக்கிறது, அதுதான் கோளாறு. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதேதான்.

படத்தை ‘ஃபைல்ஸ்’ செயலியில் சேமித்து, அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். ‘குவிக் அக்ஷன்ஸ்’, ‘கன்வேர்ட் இமேஜ்’, பிறகு ஜேபெக் (ஜேபிஜிதான் இது). (ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்.) ‘ஸ்மோல்’, ‘மீடியம்’ என்று அளவையும் அங்கேயே குறைக்கலாம், கேபி வரம்பு வைத்திருக்கும் தளங்களுக்கு நல்ல உதவி.

இனி எடுக்கும் படங்களுக்கு, செட்டிங்ஸில் கமெரா, ஃபோர்மட்ஸ், ‘மோஸ்ட் கொம்பெட்டிபிள்’. வெள்ளவத்தைக் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடி, அடையாள அட்டையை யாரோ ஒருவரின் கணினியில் விட்டுவிட்டு வரத் தேவையில்லை.