ஜீப்பை உயர்த்திய பிறகு வந்த அலைச்சல்

நீளமான ஷேக்கில் (ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஊசலாடும் இணைப்பு) போட்டு முன்பக்கத்தை உயர்த்தியதும், என் பழைய லீஃப் ஸ்பிரிங் ஜீப் நெடுஞ்சாலையில் இடமும் வலமுமாக அலைந்தது. மெக்கானிக்குக் கண்ணெல்லாம் ஸ்டீயரிங் பாக்ஸ் மேல். எனக்கு ஒப்பவில்லை. திருப்பம் முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவே இல்லை. கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னே சாய்ந்திருக்கும் அளவு, குறைந்தால் இப்படி ஆகும். இந்த வண்டியில் ஷேக்கில் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஆக்ஸிலின் மேற்பகுதி முன்னே சாயும்.

சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளான டை ராட் எண்ட், கிங்பின் இரண்டிலும் ஆட்டமில்லை. ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் உட்காரும் ஆக்ஸிலுக்கும் நடுவே 3 டிகிரி இரும்பு ஆப்பு வைத்தேன், தடித்த பக்கம் முன்னோக்கி, ஆக்ஸிலின் மேற்பகுதி மறுபடி பின்னே சாயும்படி. (அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கும்.) ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ போல்ட்டும் புதிது. அலைச்சல் நின்றது. ஃபோர் வீல் டிரைவில் மட்டும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் லேசாக அதிர்கிறது. அந்த ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் பினியன் மூக்கு கீழே இறங்கியதன் விலை அது.