ஒரே ஃப்ளெக்ஸ்பாக்ஸ், போனுக்கு ஒரு அகலம்: எங்கே தப்பு நடக்கிறது?

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை ஒன்றுக்கு வெப்சைட் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-இல் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை) வைத்து டெலிவரி ஏரியாக்கள் ஒரே வரிசையில் மூன்று பெட்டி: ராயபுரம், காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை. மூன்றுக்கும் 'ஃப்ளெக்ஸ்: 1' (இருக்கிற இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வது) கொடுத்தாச்சு, ஒரு போனில் சமமாக நிற்கிறது, இன்னொன்றில் மூன்றாவது பெட்டி மட்டும் அகலமாகி மற்ற இரண்டையும் நெருக்குகிறது. உடனே பிரவுசரைத் திட்ட வேண்டாம், பெரும்பாலும் அதன்மேல் தப்பில்லை.

'ஃப்ளெக்ஸ்: 1' என்றால் சம அகலம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஃப்ளெக்ஸ் ஐட்டத்துக்கு (உள்ளே இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும்) மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) நாம் சொல்லாவிட்டால் 'ஆட்டோ', அதாவது உள்ளே இருக்கிற உடைக்க முடியாத நீளச் சொல்லைவிடப் பெட்டி குறுகாது. புதுவண்ணாரப்பேட்டைக்கு நடுவில் ஏது ஸ்பேஸ்? தமிழ் ஃபான்ட்டையும் சொல்லாமல் விட்டால் விண்டோஸில் நிர்மலா யூஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ளும், ஃபான்ட் மாறினால் சொல்லின் அகலமும் மாறும், பெட்டியும் மாறும். சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்களை வைத்து டெஸ்ட் செய்கிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

எனவே தமிழ் வெப்ஃபான்ட் (பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் எழுத்துரு) ஒன்றைக் கட்டாயம் போடுங்கள், ஒரே வரிசையில் சமமாகவே நிற்க வேண்டுமென்றால் 'மின்-விட்த்: 0' கொடுங்கள். சரி, இப்போது சொல் பெட்டியைத் தாண்டி வெளியே நீட்டும். அதற்கு, சொல்லை எங்கே வேண்டுமானாலும் உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்' உண்டு, ஆனால் 'புதுவண்ணாரப்பே' ஒரு வரி, 'ட்டை' அடுத்த வரி என்று உடைந்தால் யார் படிப்பது? என்னைக் கேட்டால், மின்-விட்த்தைத் தொடாமல் ஃப்ளெக்ஸ்-ராப் போட்டு, பேசிஸ் (பெட்டியின் தொடக்க அகலம்) 10 ரெம் (எழுத்தளவை ஒட்டிய அலகு) மாதிரி வைத்து, இடம் போதாத பெட்டியைக் கீழே இறக்கிவிடுவேன். இறங்கிய பெட்டி முழு அகலத்துக்கும் நீளும், அது பிடிக்காவிட்டால் கிரிட்டுக்கு (வரிசையும் பத்தியுமாகக் கட்டம் போடும் முறை) போங்கள். அங்கேயும் வெறும் '1எஃப்ஆர்' (இடத்தில் ஒரு பங்கு) போட்டால் இதே கதைதான், 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)' வேண்டும்.

தேடல் பெட்டியாக வைக்கிற இன்புட்டுக்கும் சொந்த அகலம் உண்டு, அதற்கும் 'மின்-விட்த்: 0' போட்டுவிடுங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காகச் செய்த பழைய வித்தைகளைத் தூக்கிப் போடலாம், மைக்ரோசாஃப்ட்டே 2022 ஜூனில் அதை மூடிவிட்டது.

நிஜமாகவே பிரவுசர் காரணமாக இருப்பது 'கேப்', அதாவது பெட்டிகளுக்கு நடுவே விடும் இடைவெளி. ஃப்ளெக்ஸில் அது சஃபாரிக்கு வந்தது 14.1-இல், 2021-இல். ஐபோன் 6 ஐஓஎஸ் 12-ஓடு நின்றுபோனது, அதனால் அங்கே இந்த கேப் வேலை செய்யாது, அதில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிள் இன்ஜின்தான். 'சப்போர்ட்ஸ்' (ஒரு வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று கேட்கும் சிஎஸ்எஸ் விதி) வைத்துச் சோதிக்கலாம் என்றால் அதுவும் ஏமாற்றும், கிரிட்டில் கேப் இருப்பதால் 'இருக்கிறது' என்றே சொல்லிவிடும். அந்த போன்களும் உங்களுக்கு முக்கியமென்றால் கேப்புக்குப் பதிலாக மார்ஜின் (பெட்டியைச் சுற்றி விடும் இடம்) போடுங்கள்.