உப்பு மண்ணை வென்று முகப்பானை சுடும் முறை

இராமநாதபுரம் கடலோரத்தில் முகம் வைத்த பானை செய்ய முற்படுவோருக்கு முதல் எதிரி மண்ணிலுள்ள உப்பு. ஆகவே கரையோர மண்ணைத் தவிர்த்து, உள்ளே தள்ளியிருக்கும் கண்மாயின் வண்டலை எடுத்து, நன்னீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து மறுபடி நீர் ஊற்ற வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் உப்பு பெரும்பாலும் நீங்கும். கரைசலைத் துணியில் வடிகட்டுவதும் கட்டாயம், ஏனெனில் மண்ணில் தங்கிவிட்ட கிளிஞ்சல் துண்டு சூளையில் சுண்ணாம்பாக வெந்து, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதி, பானையின் கன்னத்தைச் சில்லாகப் பெயர்த்துவிடும். வடித்த மண்ணோடு சலித்த ஆற்றுமணலைச் சேர்த்து மிதித்துப் பிசையவும், கடல்மணல் ஆகாது.

திருகையில் வனைந்த பானை, விரலில் ஒட்டாமல் தடம் மட்டும் பதியும் பதத்துக்கு வந்ததும், மூக்கும் காதும் புருவமும் வைக்கும் இடங்களைக் கீறி, மண்குழம்பு தடவி, உள்ளே ஒரு கையைக் கொடுத்து அழுத்திப் பொருத்த வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில், எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்கக் குயவர்கள் முக ஜாடிகளுக்குக் கண்ணும் பல்லும் வெள்ளைக் களிமண்ணில் பதித்தார்கள். அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்; ஆனால் நம் செம்மண்ணும் வெள்ளைக் களிமண்ணும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பதால், ஐயனார் கோயில் மண்புரவிக்கு நம் குயவர்களான வேளார்கள் செய்வதுபோல் சுட்ட பின் வண்ணம் தீட்டுவதே இங்கு ஏற்றது.

கடற்காற்றில் காது முதலில் காய்ந்து விரிசல் விடும். ஈரச் சாக்கால் மூடி, நிழலில் பத்து நாள் உலர்த்தவும்.

வாடைக்கால மழை ஓய்ந்த பின், மாலையில் சூளை மூட்டுவது நல்லது. இருட்டில்தான் நெருப்பின் நிறம் சரியாகத் தெரியும். அடியில் வறட்டியும் பனைமட்டையும் பரப்பி, பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, இடையில் சீமைக் கருவேல விறகைச் செருகி, மேலே வைக்கோல் போர்த்திச் சேறு பூசிப் புகைத்துளைகள் விடவும். முதல் மூன்று மணி நேரம் தணலாக மட்டும் எரிய வேண்டும். அவசரப்பட்டால் மண்ணுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி முகத்தைப் பிளந்துவிடும். அதன்பின் தீயைக் கூட்டி, துளைவழியே பானைகள் செக்கச்செவேலென ஒளிர்ந்ததும் நிறுத்திவிட்டு, மறுநாள் முழுவதும் ஆறவிடவும்.

எடுத்தவுடன் வண்ணம் தீட்ட வேண்டாம். இரண்டு வாரம் வைத்திருந்தால் தப்பிய கிளிஞ்சல் பெரும்பாலும் அதற்குள் வெடித்துத் தன்னைக் காட்டிவிடும். வெண்மையாக உப்புப் பூத்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அதன் பிறகே கண் திறக்க வேண்டும்.