காயப் பதிவேட்டில் எதை எழுத வேண்டும்?

அவசரச் சிகிச்சைப் பிரிவில் காயப் பதிவேடு தொடங்குவோர், எலும்பு முறிந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், அது எவ்வாறு முறிந்தது என்பதையும் எழுத வேண்டும். சிகிச்சைக்கு முன்னது போதும், தடுப்புக்குப் பின்னதே தேவை. நோய்களுக்கும் காயங்களுக்கும் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாடு காயத்தின் தன்மைக்கு எஸ் (S), டி (T) எழுத்துகளையும், புறக் காரணத்துக்கு வி (V) முதல் ஒய் (Y) வரையிலான எழுத்துகளையும் தனித்தனியே ஒதுக்கியிருப்பது இதனால்தான்.

வயது, பாலினம், நேரம், இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, நேர்ந்தது விபத்தா தாக்குதலா தற்கொலை முயற்சியா என்பவை போதும். படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டினால், இரவுப் பணியிலிருக்கும் செவிலியர் அதை நிரப்பமாட்டார். இடத்தை வெறுமனே ‘சாலை’ என்று விட்டுவிடாமல், எந்தச் சந்திப்பு என்று குறித்து, மாதந்தோறும் வரைபடத்தில் புள்ளியிட்டு வந்தால், வேகத்தடையோ விளக்கோ எங்கே தேவை என்பது தெரியவரும். பெயர்களை நீக்கிய பிறகே தரவைப் பிற துறைகளுக்கு அனுப்ப வேண்டும்.