விசாவுக்குக் காசு கேட்டால் அது ஸ்பான்சர் இல்லை: வெளிநாட்டு ஓட்டல் பார் வேலை தேடும் குமரி மாவட்டப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு கருங்கலில் இருந்து ஒரு பையன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் இரண்டு தாள். "அண்ணே, ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. ஒண்ணு வாசிச்சுச் சொல்லுங்க" என்றான். குவைத், ஐந்து நட்சத்திர ஓட்டல், பார்டெண்டர். சம்பளம் 350 தினார், தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி, 'விசா ஸ்பான்சர்ஷிப் உண்டு'. ஏஜென்ட் கேட்டது 1,40,000 ரூபாய். பாதியைச் செவ்வாய்க்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருக்கிறார். அம்மா கழுத்துச் செயினைப் பணயம் வைக்க மார்த்தாண்டத்தில் போய் விசாரித்தும் விட்டார்.

நான் முதல் வரியைத் தாண்டவே இல்லை. குவைத்தில் மது விற்பதும் பரிமாறுவதும் சட்டப்படி குற்றம். ஓட்டல் எத்தனை நட்சத்திரமானாலும் இதுதான் நிலை. அங்கே மது கலக்காத மாக்டெயில், ஜூஸ் கவுண்டருக்கு ஆள் எடுப்பார்கள். அப்படியென்றால் தாளில் அதைத்தான் எழுத வேண்டும். "தம்பி, அப்போ இது கள்ளமா?" என்று அந்த அம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் கோவளத்தில் மூன்று வருடம், துபாயில் ஆறு வருடம், கப்பலில் இரண்டு காண்ட்ராக்ட் பார் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். இந்தத் தொழிலில் நல்ல சம்பளமும் உண்டு, மரியாதையும் உண்டு. நம் பிள்ளைகள் தோற்பது பாரில் இல்லை. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள்.

எந்த நாட்டில் பார் இருக்கிறது என்று பார்க்காதது

சவுதியிலும் குவைத்திலும் ஓட்டல் பார் வேலை என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஐக்கிய அரபு எமிரேட்டுக்குள்ளேயே ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. துபாய், அபுதாபி, கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய இடங்களில் உரிமம் பெற்ற ஓட்டல்களில் பார் உண்டு. மாலத்தீவில் ரிசார்ட் தீவுகளில் மட்டும் உண்டு, தலைநகர் மாலேயில் கிடையாது. அங்கே உள்ளூர்க்காரர்கள் மதுவைத் தொடக்கூடாது என்பதால் பார் வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள்தான் வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மாலே. நம் மாவட்டத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, பிள்ளைகள் லண்டன், கனடா என்றே கேட்கிறார்கள்.

மாலத்தீவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா இலவசமாகக் கிடைக்கும். அது சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கானது. "அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்லி அந்த விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். உண்மையான ரிசார்ட், நீங்கள் கிளம்பும் முன்பே உங்கள் பெயரில் வேலை அனுமதி வாங்கி அனுப்பும்.

'ஸ்பான்சர்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாதது

இதுதான் பெரிய தவறு, வீடு வாசலை இழக்க வைக்கும் தவறு. ஸ்பான்சர் என்றால், இந்த ஆள் எங்களுக்கு வேண்டும், இவருக்கான அனுமதியையும் பொறுப்பையும் நாங்கள் ஏற்கிறோம் என்று முதலாளி அந்நாட்டு அரசிடம் சொல்வது. அந்தச் செலவு முதலாளியுடையது. எமிரேட்டில் ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதிக்கு முதலாளி 1,000 கனடா டாலர் கட்ட வேண்டும். அதைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது. ஆனால் நம் ஊரில் அதே எல்.எம்.ஐ.ஏ.வை லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள்.

அப்படியானால் இங்கே ஏஜென்டுக்கு ஒன்றுமே கொடுக்கக்கூடாதா? கொடுக்கலாம். இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு செய்யாமல் யாரும் வெளிநாட்டுக்கு ஆளெடுக்கக் கூடாது. அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்று காட்டும். போனிலேயே பார்த்துவிடலாம்.

இங்கே நம் ஆட்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் நிறுவனத்தின் உரிமம் உண்மையாகவே இருக்கும். ஆனால் பணம் வாங்குபவர் தக்கலையில் செல்போன் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருப்பவர். "நாங்க அவங்க சப்-ஏஜென்ட்" என்பார். சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உரிமத்தில் உள்ள நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து, இந்த ஓட்டலுக்கு இந்த வேலைக்கு ஆளெடுக்கிறீர்களா என்று கேளுங்கள். பணத்தை அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள். தனி ஆளின் ஜிபே எண்ணைக் கொடுத்தாலே எழுந்து வந்துவிடலாம்.

இன்னொன்று 'ஃப்ரீ விசா'. குளச்சலிலிருந்து குலசேகரம் வரைக்கும் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது. சொந்தக்காரர் ஒருவர் அரபியின் பெயரில் விசா எடுத்து அனுப்புவார். நாம் அங்கே போய் வேலை தேடிக்கொள்ள வேண்டும். விசாவில் இருக்கும் முதலாளியிடம் வேலை இல்லை, வேலை பார்க்கும் இடத்தில் விசா இல்லை. உரிமம் பெற்ற ஓட்டல் பாரில் ஆய்வுக்கு அதிகாரிகள் வருவது வழக்கம். அன்று கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

விசிட் விசாவில் போனது

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதல் தடவை துபாய்க்கு நான் போனது விசிட் விசாவில்தான். ஏஜென்ட், "இறங்கினதும் எம்ப்ளாய்மென்ட் விசா அடிச்சிருவாங்க" என்றார். பகலில் ஒரு ரெஸ்டாரன்டில் கிளாஸ் துடைத்தேன், 'ட்ரையல்' என்று. இருபத்தொரு நாள் ட்ரையல் போயிற்று, ஒரு திர்ஹம்கூடத் தரவில்லை. விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது, "இப்போ ஆள் தேவையில்லை" என்றார்கள். யாரிடம் புகார் சொல்வது? நானே அங்கே சட்டவிரோதமாக வேலை பார்த்தவன். விசா முடிந்து தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். கடன் வாங்கி டிக்கெட் எடுத்துத் திரும்பினேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்ல ஒரு வருடம் ஆனது.

இரண்டாவது தடவை சரியாகப் போனேன். கொச்சியில் ஓட்டல்காரர்களே நடத்திய இன்டர்வியூ, எமிரேட் தொழிலாளர் அமைச்சகத்தின் முறையான ஆஃபர் லெட்டர், கையில் நுழைவு அனுமதி, அதன் பிறகே விமானம். அந்த ஆஃபர் லெட்டர் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாய்லாந்தில் ஓட்டல் வேலை, டூரிஸ்ட் விசா போதும் என்று வந்தால் இன்னும் கவனம். அப்படிப் போன இந்திய இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், ஆன்லைன் மோசடி செய்யும் கூடாரங்களில் அடைத்து வைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வெளியுறவு அமைச்சகம் இதற்குத் திரும்பத் திரும்ப எச்சரிக்கை கொடுத்திருக்கிறது.

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்கியது

இரண்டு தாள் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் 2,000 திர்ஹம். ஒன்றில் பேசிக் 800, மீதி அலவன்ஸ். இன்னொன்றில் பேசிக் 1,500. மாதா மாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் எமிரேட்டில் வேலை முடித்துக் கிளம்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்ற கணக்கு. முதல் ஆளுக்கு ஐந்து வருடத்தில் 2,800 திர்ஹம், இரண்டாம் ஆளுக்கு 5,250. ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான். டிப்ஸைச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டும் தாளை நம்பாதீர்கள். டிப்ஸ் சீசனைப் பொறுத்தது, கடன் தவணை சீசன் பார்க்காது.

கடைசியில் தாளில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் பாருங்கள். பெரிய ஓட்டல் ஜிமெயிலில் இருந்து வேலை கொடுக்காது. கருங்கல் பையனின் தாளில் ஓட்டல் பெயரிலேயே ஒரு எழுத்து பிழையாக இருந்தது.

லண்டன் என்று அடம்பிடித்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் திறன்மிகு தொழிலாளர் விசாப் பட்டியலில் பார் ஊழியர் வேலை இல்லை. 2025 ஜூலை 22 முதல் அந்த விசாவுக்குரிய வேலைகளின் தகுதியைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தியும் விட்டார்கள். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசு வெளியிடுகிறது; ஏஜென்ட் அதில் ஓட்டல் பெயரைக் காட்டி நம்ப வைப்பார். ஓட்டலுக்கு உரிமம் இருந்தாலும் பார்டெண்டருக்கு அந்த விசா கிடையாது.

கப்பலுக்குப் பணம் கட்டியது

உல்லாசக் கப்பல் பார் வேலைக்கு விதிகள் வேறு. கப்பலுக்கு ஆளெடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், இ-மைக்ரேட் பதிவு போதாது. 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலை வாங்கித் தர மாலுமியிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்ற மாலுமிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகிய செலவுகள் மட்டும் நம்முடையவை. எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற மாலுமிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சியை இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் மட்டும் படியுங்கள்.

கப்பலில் நேராக பார்டெண்டராக ஏறுவேன் என்று பிடிவாதம் வேண்டாம். பலர் பார் யுட்டிலிட்டியாக ஏறி, ஐஸ் சுமந்து, கிளாஸ் கழுவி, பிறகு பார் வெயிட்டராகி, அதன் பிறகே பார்டெண்டர் ஆனவர்கள். நானும் அப்படித்தான். விடுமுறை மாதங்களில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது என்பதையும் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

பாட்டில் சுழற்றக் கற்றுக்கொண்டு, ஊற்றக் கற்காதது

கொச்சி இன்டர்வியூவில் பார் மேனேஜர் மேசையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலும் நான்கு கிளாஸும் வைத்தார். "அளவுக் கிண்ணம் இல்லாமல் நான்கிலும் 30 மில்லி ஊத்து." ஊற்றியதை ஒவ்வொன்றாக ஜிக்கர் என்ற அந்த அளவுக் கிண்ணத்தில் கவிழ்த்து அளந்தார். மூன்று சரியாக இருந்தது, ஒன்றில் ஐந்து மில்லி கூடிவிட்டது. "இது ஓட்டலோட காசு" என்றார், கோபமில்லாமல். அடுத்த கேள்வி: "நாலு விஸ்கி குடிச்ச கெஸ்ட் அஞ்சாவது கேக்கறார், மேசையில கார் சாவி இருக்கு. என்ன செய்வே?" அதன் பிறகு நெக்ரோனி காக்டெயிலுக்கு என்னென்ன, எவ்வளவு, ராத்திரி கடை அடைக்கும்போது ஸ்டாக் எப்படி எண்ணுவாய். பாட்டிலைச் சுழற்றிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் ஃப்ளேர் என்ற பாட்டில் சுழற்றும் பயிற்சிக்குப் பெரிய தொகை கட்டும் முன், கோவளத்திலோ கன்னியாகுமரியிலோ நல்ல ஓட்டல் ஒன்றில் பார் பேக்காக, அதாவது பார்டெண்டருக்கு உதவியாளராக, ஒரு வருடம் நில்லுங்கள். அந்த அனுபவச் சான்றிதழ் உண்மையானது. காசு கொடுத்து வாங்கிய சான்றிதழுக்கு ஒரு போன் வந்தால் போதும், வேலை போய்விடும்.

வீட்டில் மறைத்தது

"சாராயம் ஊத்திக் குடுக்கவா படிச்சே?" என்று கேட்பார்கள் என்று பயந்து, 'ஓட்டல் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பும் பிள்ளைகள் நம் பக்கம் அதிகம். மறைத்துக் கிளம்புபவன் தாளை வீட்டில் யாரிடமும் காட்ட மாட்டான். ஏஜென்டுக்கு அது வசதி. வீட்டில் சண்டை வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். டூட்டியில் ஒரு சொட்டு குடித்தாலும் வேலை போய்விடும் என்ற விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அம்மா அதைக் கேட்ட பிறகுதான் நிம்மதியானார்.

உதவி எங்கே என்று தெரியாதது

நம் ஆட்கள் பலர் திருவனந்தபுரத்தில் நோர்காவைத் தேடிப் போகிறார்கள். அது கேரள அரசு கேரளத்தவருக்காக வைத்திருப்பது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. நமக்கு இருப்பது அயலகத் தமிழர் நல வாரியமும், 1978-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும்.

இன்னொரு விஷயம். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட், அதாவது வேலைக்குக் கிளம்பக் குடியகல்வு அனுமதி தேவைப்படாதது. நம் மாவட்டத்தில் பெரும்பாலும் அப்படித்தான். வளைகுடா போகும், அந்த அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரரின் ஒப்பந்தத்தைக் குடியகல்வுப் பாதுகாவலர் அலுவலகம் பார்த்து அனுமதிக்கும். உங்களுடையதை யாரும் பார்க்கப் போவதில்லை, நீங்களேதான் பார்க்க வேண்டும். பணம் ஆன்லைனில் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வெளிநாட்டில் சிக்கினால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். துபாயில் இந்தியர்களுக்கான இலவச உதவி எண் 800 46342, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

கருங்கல் பையனின் ஏஜென்ட் பெயரை அன்றைக்கே இ-மைக்ரேட்டில் மூன்று பேரும் சேர்ந்து தேடினோம். இல்லை. செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது அந்த அம்மாவே எடுத்து, "உரிம நம்பர் சொல்லுங்க" என்று கேட்டாராம். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். பையன் இப்போது கோவளத்தில் ஒரு ஓட்டலில் பார் பேக். ராத்திரி டூட்டி முடிந்து கடைசி பஸ்ஸில் களியக்காவிளை வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகிறான்.