தோல்முட்டை போடும் கோழிக்கு என்ன செய்யலாம்?

போன சித்திரையில் எங்கள் கருப்புப் பெட்டை தோல்முட்டை போட்டது. கோழியை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கினால் வைக்கோலில் ஓடில்லாமல் கொழகொழவென்று ஒன்று கிடக்கிறது. தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி அமுங்கியது.

முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புதான். கோழி வயிற்றுக்குள் அது படிய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். வெறும் அரிசியும் கம்பும் போட்டால் சுண்ணாம்புக்கு அது எங்கே போகும்? கிளிஞ்சலை உடைத்துத் தனிச் சட்டியில் வைத்தேன். தீவனத்தோடு கலக்காதீர்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் வீட்டு முட்டை ஓட்டை வறுத்துப் போடலாம். ஆனால் ஓடென்றே தெரியாதபடி நொறுக்க வேண்டும். இல்லையென்றால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்தால் லேசில் போகாது. தோல்முட்டையையும் உடனே எடுத்துவிடுங்கள். வெயிலில் கோழி மூச்சிரைத்தாலும் ஓடு மெலியும்; நிழலும் தண்ணீரும் இருக்கட்டும்.

அப்புறம், முட்டை வராமல் வாலைத் தொங்கப்போட்டு முக்கிக்கொண்டே நின்றால் அது வேறு கதை. வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய 20 நிமிடம் உட்கார வைத்து, பின்துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான மூலையில் விடுங்கள். வயிற்றைப் பிசையவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம். சில மணி நேரத்தில் வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டு கூட்டிலேயே கிடந்தால் பயப்பட வேண்டாம், குஞ்சு பொரிக்க அடைக்கு உட்காரப் பார்க்கிறது.

கருப்பி பதினோராம் நாள் கெட்டி ஓட்டோடு போட்டாள். ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தல் வேறு.